ஐந்து நாள் வெள்ளத்தில் நின்ற பூக்கன்றுகள் தப்புமா?

கேள்வி – ஆரையம்பதி
போன கிழமை மழைக்கு எங்கள் வளவில் முழங்கால் அளவு தண்ணீர். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிய பிறகுதான் மெல்ல வடிந்தது. மொத்தம் ஐந்து நாள். குண்டு மல்லிகை, கறிவேப்பிலை, செவ்வரத்தை, இரண்டு றோசா எல்லாம் அதற்குள்தான் நின்றன. இப்போது இலை பழுத்துக் கொட்டுகிறது. கறிவேப்பிலை வாடித் தொங்குகிறது. பார்க்கப் பொறுக்காமல் நேற்று இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். பசளை போடலாமா? மல்லிகை அம்மா வைத்தது, பன்னிரண்டு வருசக் கொடி. அம்மா இப்போது இல்லை. அதை எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

பதில் – அக்கரைப்பற்று
தம்பி, தண்ணீரும் வேண்டாம், பசளையும் வேண்டாம். வேருக்கும் மூச்சு வேண்டும். வெள்ளம் நின்றால் மண்ணுக்குள் இருக்கிற காற்று போய்விடும். அப்புறம் வேர் தண்ணீரை இழுக்காது, சேற்றில் நின்றுகொண்டே கன்று வாடும். அது தாகம் என்று நினைத்து ஊற்றினால் மிச்ச வேரும் அழுகும்.
முதலில் அடியில் படிந்த வண்டலை வழித்து எடுங்கள். ஒரு சாண் ஆழத்துக்குக் கான் வெட்டி மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். பிறகு தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. இலை கொட்டியதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். பசளை புதுத் துளிர் வந்த பிறகுதான்.

பதில் – கல்லடி
மகளோடு டொரோண்டோவில் இரண்டு பனிக்காலம் இருந்தேன். அவள் முற்றத்தில் பியோனி, ஹோஸ்டா என்று குளிர்நாட்டுச் செடிகள் வைத்திருந்தாள். மார்கழியில் தரைக்கு மேல் ஒன்றுமே இல்லை, எல்லாம் பனிக்குள். செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சித்திரையில் பனி கரைந்த இடத்தில் பியோனியின் சிவப்பு முளை விரல் மாதிரி வெளியே வந்தது. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுத்தானாம். அது போர்வை மாதிரி மூடிக் கிடப்பதால் கீழே மண் அவ்வளவு குளிராது. பனியே விழாத கடுங்குளிரும், பனி கரைந்து தேங்குகிற தண்ணீரும்தான் அங்கே கிழங்கைக் கெடுக்கும். அந்த ஊரிலும் தண்ணீர் தேங்குகிற இடத்தில் பியோனி வைக்க மாட்டார்கள். உங்கள் மல்லிகைக்கும் தேங்கிய தண்ணீர்தான் எதிரி, மகன்.

பதில் – சம்மாந்துறை
எங்கள் பக்கம் வயல் களி, தண்ணீர் லேசில் இறங்காது. கறிவேப்பிலையை ஒன்றரை அடி மேடு போட்டுத்தான் வைப்போம். பள்ளமான பக்கத்துக்குக் கல்வாழையும் சேம்பும் போதும், அவை ஈரம் தாங்கும். வாவித் தண்ணீர் ஏறியதா? இலை விளிம்பு கருகியிருந்தால் உப்பு. கான் வெட்டிய பிறகு நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவி விடலாம். உப்பு இல்லையென்றால் ஊற்றவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்
எல்லோருக்கும் நன்றி. உப்பு ஏறவில்லை. கான் வெட்டி, கீறிப் பார்த்தேன். றோசா இரண்டும் உள்ளே கறுப்பு. பிடுங்கினால் வேர் கூழாகக் கையோடு வந்தது, கூழ்முட்டை நாற்றம். கறிவேப்பிலை மேல் கொப்பு காய்ந்துவிட்டது, அடியில் பச்சை. செவ்வரத்தைக்கு ஒன்றுமில்லை. மல்லிகையைக் கீறக் கை வரவில்லை, மனைவிதான் கீறினாள். மூன்று இடத்திலும் பச்சை.