குடும்பமாகக் கம்போடியாவுக்கு ஊழியப் பயணம் போனவர்கள் எழுதுங்கள்

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மிஷன் டிரிப் போன அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதச் சொல்லியிருந்தீர்கள். எங்களுடையதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம், சொந்த ஊர் நாசரேத் பக்கம். போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான், கணவர், மகன், மகள், அத்தை (என் மாமியார்), எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து இன்னும் சில குடும்பங்கள் எல்லாரும் கம்போடியாவில் கொம்போங் சுனாங் மாகாணத்துக்குப் போனோம். தலைநகர் நோம் பென்னிலிருந்து வடக்கே சுமார் 90 கிலோமீட்டர், ஐந்தாம் எண் தேசிய நெடுஞ்சாலை. தொன்லே சாப் ஆறு அந்த வழியாகத்தான் போகிறது. மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகும்போது தொன்லே சாப் ஆறு திரும்பி அதே பெயருள்ள ஏரியை நோக்கி ஓடும், ஏரி நாலைந்து மடங்கு விரியும், அப்புறம் மழை நின்றதும் வடியும். நாங்கள் போனது வடிகிற சமயம். வீடெல்லாம் உயரமான கால்களின் மேல் நிற்கும், அந்தக் கால்களில் தண்ணீர் நின்ற அளவு சேற்றுக் கோடாகத் தெரிந்தது.

புறப்படுவதற்கு முன்னால் எங்கள் சபையில் வழக்கம் போல ஒரு திட்டம் போட்டோம். துணி சேகரிப்பது, அரிசி மூட்டை கொடுப்பது, சிறுவர் வேதாகமப் பள்ளி நடத்துவது, ஒரு மருத்துவ முகாம். அதை அங்கே இருக்கிற போதகருக்கு அனுப்பினோம். அவர் வீடியோவில் பேசினார், மொழிபெயர்க்க ஒரு தம்பி கூட இருந்தான். துணி வேண்டாம், இங்கே சந்தையில் பழைய துணி மலையாகக் கிடக்கிறது என்றார். அரிசி இந்த வருஷம் விளைந்திருக்கிறது, அதுவும் வேண்டாம். "மணல் கழுவ ஆள் இருந்தால் அனுப்புங்கள்" என்றார். எங்கள் கமிட்டியில் சிலருக்கு முகம் சுருங்கியது உண்மை. ஆனால் அவர் கேட்டதைச் செய்வது என்று முடிவானது, அந்த ஒரு முடிவுதான் இந்தப் பயணத்தைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

மணல் எதற்கு என்றால், தண்ணீர் வடிகட்டிக்கு. அந்தக் கிராமத்தில் குடிக்கிற தண்ணீர் குளத்திலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் வருகிறது. மழைத் தண்ணீரைப் பெரிய சிமெண்ட் ஜாடிகளில் பிடித்து வைப்பார்கள், அது கோடை முடியும் வரை தாங்காது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஓயாது. அதற்கு அங்கே பல வீடுகளில் மணல் வடிகட்டி வைக்கிறார்கள். 1990களில் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் என்கிற பேராசிரியர் வீட்டு உபயோகத்துக்காக உருவாக்கிய முறை இது. இடுப்பளவு உயரத்தில் ஒரு கான்கிரீட் பெட்டி, வெறும் பெட்டியே 70 கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் கம்பு கொடுத்துத்தான் தூக்க வேண்டும். அடியில் பெருங்கல், அதற்கு மேல் பொடிக்கல், மேலே முக்கால்வாசி உயரத்துக்குச் சலித்த மெல்லிய மணல். மின்சாரம் வேண்டாம், மாற்றுகிற பாகம் எதுவும் இல்லை.

மணலைச் சலித்து மூன்று அளவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கழுவ வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும். அங்கே வேலை சொல்லிக் கொடுத்த கெமர் பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். ஒரு கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் மணலும் தண்ணீரும் போட்டுச் சுழற்றி, சில நொடி விட்டு, மேலிருந்து பார்ப்பாள். மணல் மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியவே இல்லை என்றால் அழுக்கு போகவில்லை, பளிச்சென்று தெரிந்தால் அதிகமாகக் கழுவிப் பொடிமணலை எல்லாம் கொட்டிவிட்டோம் என்று அர்த்தம். என் மகன் பதினான்கு வயசு, வீட்டில் தட்டு எடுத்து வைக்கச் சொன்னால் பத்து தடவை சொல்ல வேண்டும். அவன் வாளியை அந்தப் பெண்ணிடம் தூக்கிக்கொண்டு போவான், அவள் ஜாடியைப் பார்த்துத் தலையை ஆட்டித் திருப்பி அனுப்புவாள், மறுபடியும் கழுவுவான். ஒரு முனகல் இல்லை.

பெட்டியில் முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு அதற்குள்தான் மணலைப் போட வேண்டும், காய்ந்த மணல் மேல் தண்ணீர் ஊற்றினால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். ஊற்றாத நேரத்திலும் மணலுக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும். அந்த ஈரத்தில், மணலின் மேல் பரப்பில், நுண்ணுயிர்கள் ஒரு படலமாகப் படிகின்றன, தண்ணீரில் வருகிற கிருமிகளை அழிப்பதில் பெரிய பங்கு அவற்றுக்குத்தான். அந்தப் படலம் உருவாக இரண்டு மூன்று வாரம், சில நேரம் ஒரு மாதம் ஆகும். நாங்கள் ஒரு வாரத்தில் ஊர் திரும்பிவிடுவோம் இல்லையா? அதனால் அந்தப் பெண்ணும் அவள் கூட்டாளிகளும் பிறகு வீடு வீடாகப் போய், ஒழுங்காகத் தினமும் ஊற்றுகிறார்களா, பிடிக்கிற குடத்துக்கு மூடி இருக்கிறதா, அடைத்துக்கொண்டால் மேல்மணலைக் கலக்கி அழுக்குத் தண்ணீரை எடுக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். உண்மையான ஊழியம் அதுதான். நாங்கள் செய்தது கூலி வேலை, அதைச் சந்தோஷமாகச் செய்தோம்.

யாருக்கு வடிகட்டி என்பதை ஊர்த்தலைவர் எழுதிக் கொடுத்தார். அந்தப் பட்டியலில் சபைக்கு வருகிற குடும்பம் ஒன்றிரண்டுதான், மற்றவர்கள் எல்லாரும் பௌத்தர்கள். வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்வதற்கும், உதவியைக் காட்டி மதம் மாற்றுவதற்கும் அந்த நாட்டில் தடை இருக்கிறது, போதகர் அதை முதல் நாளே எங்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார். தடை இல்லாவிட்டாலும் தான் அப்படிச் செய்ய மாட்டேன் என்றார், தண்ணீருக்கு விலையாக விசுவாசத்தை வாங்கக்கூடாது என்பது அவர் கொள்கை. ஆனால் வடிகட்டியை முழு இலவசமாகவும் கொடுக்க மாட்டார். ஒவ்வொரு குடும்பமும் சில டாலர் போட வேண்டும், பெட்டி வார்க்கிற இடத்தில் ஒரு நாள் வேலை செய்ய வேண்டும். அப்படிச் செய்த வீட்டில்தான் அது ஐந்து வருஷம் கழித்தும் ஓடுகிறதாம்.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. 1975இல் கெமர் ரூஜ் என்கிற கம்யூனிஸ்ட் படை நோம் பென் மக்களை ஊரைவிட்டே வெளியேற்றியபோது அவர் சிறுவன். 1979க்குள் அப்பாவையும் இரண்டு அண்ணன்களையும் இழந்திருக்கிறார். 1990இல்தான் கம்போடியாவில் கிறிஸ்தவ ஆராதனைக்கு அரசு மறுபடியும் அனுமதி கொடுத்தது, அதற்குப் பிறகுதான் அவர் விசுவாசத்துக்குள் வந்தார். இதையெல்லாம் நாங்கள் கேட்டதற்காகச் சுருக்கமாகச் சொன்னார், உடனே பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். நாங்களும் தோண்டவில்லை.

இப்போது அத்தையைப் பற்றி. எழுபது வயதுக்கு மேல், முழங்கால் வலி, எதற்கு அழைத்துப் போகிறீர்கள் என்று சபையிலேயே கேட்டார்கள். வேனில் போகும்போதே ஜன்னல் பக்கம் உட்கார்ந்து "ஏ, நம்ம பனையா இது!" என்றார்கள். அதே பனைதான். கம்போடியாவுக்கு அது தேசிய மரம், வயல் வரப்பெல்லாம் நிற்கிறது. அத்தையின் அப்பா பனையேறி. நாங்கள் மணல் கழுவிய இடத்துக்கு அடுத்த வீட்டில் ஒரு பாட்டி பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார், அத்தை நேராக அங்கே போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இவருக்குக் கெமர் ஒரு சொல் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அங்கே மரத்தில் மூங்கிலைக் கட்டி ஏணியாக்கி ஏறுகிறார்கள், பதநீர் புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்புக்குப் பதிலாக ஒரு மரத்தின் செதிலைப் போடுகிறார்கள். அந்தச் செதிலை வாங்கி மோந்து பார்த்து, கடித்துப் பார்த்து, "துவர்க்குது" என்று எனக்குச் சொன்னார்கள். பாகு இறுகுகிற நேரம் அத்தை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிக் காட்ட, பாட்டி சிரித்துக்கொண்டே அகப்பையை அத்தை கையில் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அங்கேதான். அந்த வீட்டுக்காரர்கள் எங்களுக்கு ஒரு நாள் மீனும் சோறும் போட்டார்கள். உதவி செய்ய வந்தவர்கள், உதவி வாங்குகிறவர்கள் என்று அந்தப் பந்தியில் யாரும் இல்லை.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சொந்தத் தம்பியே கேட்டான்: அந்த விமான டிக்கெட் காசை அனுப்பியிருந்தால் எத்தனை வடிகட்டி வைத்திருக்கலாம் என்று. நியாயமான கேள்வி. அதை அப்படியே போதகரிடம் கேட்டேன். "ஒரு தடவை வாருங்கள், பார்த்துவிட்டுப் போங்கள், அப்புறம் வருஷா வருஷம் பணத்தை மட்டும் அனுப்புங்கள்" என்றார். அப்படித்தான் செய்கிறோம். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு நாடு என்று மாற்றி மாற்றிப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

*

அக்கா, உங்கள் போதகர் சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் மலேசியா, எங்கள் வாலிபர் குழு சில வருஷங்களுக்கு முன் கம்போடியாவில் சியெம் ரீப் நகருக்குப் போனது. எங்களை அழைத்தவர்கள் ஒரு அனாதை இல்லத்தில் இறக்கிவிட்டார்கள், பெயர் வேண்டாம். பிள்ளைகள் வரிசையாக நின்று ஆங்கிலப் பாட்டு பாடினார்கள், எங்கள் பிள்ளைகள் அவர்களைத் தூக்கி வைத்துப் படம் எடுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், எட்டு வயது இருக்கும், நன்றாக ஆங்கிலம் பேசினான். உன் ஊர் எது தம்பி என்று சும்மா கேட்டேன். அம்மா சந்தையில் நூடுல்ஸ் விற்கிறாள், தங்கை அம்மாவிடம் இருக்கிறாள், எனக்கு இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது என்றான். அம்மா இருக்கிற பிள்ளை அனாதை இல்லத்தில்!

திரும்பி வந்து தேடிப் படித்தேன். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இப்படிப்பட்ட இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியிருக்கிறது, அங்கே இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள் என்று அரசும் யுனிசெஃப்பும் சொல்லியிருக்கின்றன. வறுமையில் இருக்கிற தாயிடம், பிள்ளையைக் கொடு படிக்க வைக்கிறோம் என்றால் அவள் என்ன செய்வாள்? நம்மைப் போல வந்து பார்த்து அழுது காணிக்கை போடுகிறவர்கள் இருக்கிற வரை அந்தக் கட்டில்கள் காலியாக இருக்காது. இப்போது எங்கள் சபை அங்கே ஒரு உள்ளூர் சபை மூலமாகச் சில குடும்பங்களுக்குப் பள்ளிச் செலவும் வீட்டு வாடகையும் கொடுக்கிறது, பிள்ளை வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. தயவு செய்து யாரும் பயணத்திட்டத்தில் அனாதை இல்லத்தைச் சேர்க்காதீர்கள்.

*

நான் செவிலியர். எல்லாரும் எழுதியது அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், தண்ணீர் வேலை செய்யப் போகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

நான் போனது கண்டால் மாகாணம், நோம் பென்னைச் சுற்றி இருப்பது. முகாமுக்கு வந்த ஒரு விவசாயி கையை நீட்டினார், உள்ளங்கை முழுக்கச் சின்னச் சின்னக் கடினமான முடிச்சு, நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி விழுந்த மாதிரி நிறம் மாறிய புள்ளிகள். வயல் வேலையில் காய்ச்சுப்போன கை என்று எங்களில் ஒருவர் களிம்பு எடுத்தார். கூட இருந்த உள்ளூர் மருத்துவர்தான் தடுத்து, எந்தக் கிணற்றில் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். காரணம் ஆர்சனிக் என்கிற விஷம். மேகாங் ஓரத்தில் நிலத்தடி நீரில் இயற்கையாகவே இருக்கிறது, குழாய்க் கிணறு போட்டால் தெளிந்த தண்ணீர் வரும், ருசியோ வாசனையோ காட்டிக்கொடுக்காது, வருஷக்கணக்கில் குடித்த பிறகுதான் உடம்பில் தெரியும். பரிசோதித்து அளவு கூடிய கிணறுகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்திருக்கிறார்கள். அந்த நாட்டில் அனுமதிக்கிற அளவு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 10.

கொதிக்க வைத்தாலும் ஆர்சனிக் போகாது. சாதாரண மணல் வடிகட்டியையும் அதற்கு நம்பக்கூடாது. அதனால் கிணறு வெட்டித் தருகிறோம் என்று எந்தச் சபை கிளம்பினாலும், முதலில் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். அக்கா, நீங்கள் போன கிராமத்தில் குளத்துத் தண்ணீர் என்றீர்கள், அங்கே இந்தப் பயம் குறைவு. ஆனால் கோடையில் குளம் வற்றினால் குழாய்க் கிணற்றுத் தண்ணீரை அதே பெட்டியில் ஊற்றுவார்களா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்களேன்?

*

சிஸ்டர், ரொம்ப நன்றி. அந்தக் கிராமத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கைப்பம்பு இருந்தது, சாயம் ஏதும் பார்த்த ஞாபகம் இல்லை. மொழிபெயர்த்த தம்பிக்கு இப்போதே செய்தி போட்டுவிட்டேன், பரிசோதனைக்கு எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருக்கிறேன். இந்த வருஷக் காணிக்கையில் முதலில் அதைச் செய்யலாம் என்று கணவர் சொல்கிறார். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.