ஹிட்ச்காக் இயக்கின வெர்டிகோ படம் எனக்குப் பிடிக்கவே இல்ல. உங்க அனுபவம் எப்படி?

செம்பனைக்காட்டுப் பையன்:
மலேசியாவுல, சுங்கை சிப்புட்டுல எங்க தோட்டத்து மண்டபத்துல புரொஜெக்டர் வச்சு ஹிட்ச்காக்கோட வெர்டிகோ போட்டோம். 1958-ல வந்த படம், 2012-ல சைட் அண்ட் சவுண்ட்ங்கிற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகையோட விமர்சகர் வாக்கெடுப்புல சிட்டிசன் கேன் படத்தையே தள்ளிட்டு முதல் இடம்னு சொல்லித்தான் பெரியவங்களையும் கூப்பிட்டோம்.

கதாநாயகன் ஸ்காட்டி காதலிச்ச மேடலின் செத்துட்டதா நம்புறான். அவள மாதிரியே இருக்கிற ஜூடியப் பார்த்ததும், மேடலின் போட்டிருந்த அதே சாம்பல் கலர் சூட்டப் போடு, முடிய மாத்துன்னு அவளை நச்சரிக்கிறான். கடைசியில கொண்டையும் போட்டுகிட்டு பச்சை வெளிச்சத்துல நடந்து வர்றா, மியூசிக் உச்சத்துக்கு ஏறுது. காலமெல்லாம் பால்மரம் வெட்டின எங்க பெரியம்மா சத்தமாவே கேட்டாங்க: "அந்தப் புள்ள வேணாம் வேணாங்குது, இதுக்கு எதுக்குடா இவ்ளோ மேளதாளம்?" பக்கத்துல இருந்த வாத்தியார், "இதையெல்லாம் ரசிக்க ஒரு பக்குவம் வேணும்மா"ன்னுட்டாரு. பெரியம்மா எழுந்து போயிட்டாங்க. எனக்கு இன்னும் ஆறல. அந்த மண்டபத்துல படத்தை ஒழுங்காப் பார்த்த ஆளே அவங்கதான்.

ஈப்போ அக்கா:
வாத்தியார் பேசினது தப்பு. ஆனா படத்து மேல பழி போடாதீங்க தம்பி. ஜூடி கடிதம் எழுதிக் கிழிச்சுப் போடுற இடத்துலயே, மேடலினா நடிச்சது அவதாங்கிற உண்மை நமக்குத் தெரிஞ்சிடுது. அப்புறம் அவன் படுத்துற பாட்டை அவ பக்கம் நின்னுதானே பார்க்கிறோம்? மேசைக்கு அடியில குண்டு இருக்குன்னு பார்க்கிறவங்களுக்கு முன்னாடியே சொல்லிடணும், அப்பதான் படபடப்பு இருக்கும்னு ஹிட்ச்காக்கே பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோகிட்ட விளக்கியிருக்காரு. எங்க வீட்டுக்காரர் அந்தக் கடித சீன்லயே "முடிச்சு அவுந்துடுச்சு, இனிமே என்னா இருக்கு"ன்னு டிவிய அடைச்சுட்டாரு. எனக்கு வந்த கோவம் இருக்கே!

தாப்பா லயத்துக்காரன்:
அக்கா, உங்க வீட்டுக்கார அண்ணன் சொன்னதுதான் சரி. நானும் அங்கேயே விட்டுட்டேன். பிறகு ஒருநாள் மிச்சத்தைப் பார்த்தா, மணிக்கூண்டுல கன்னியாஸ்திரி வந்து நிக்கிறாங்க, ஜூடி பயந்து விழுந்துடுறா, படம் முடிஞ்சுது. ஒரு பொண்ணைச் சாகடிக்க இவ்ளோதானா காரணம்?

தம்பி, அடுத்த தடவை ரியர் விண்டோ போடுங்க. 1954-ல அதே ஹிட்ச்காக், ஸ்காட்டியா நடிச்ச அதே ஜேம்ஸ் ஸ்டூவர்ட். கால் உடைஞ்சவன் ஜன்னல்ல உக்காந்து எதிர்வீடுகளைப் பார்க்கிறான். வரிசையா வீடு ஒட்டியிருக்கிற தோட்டத்து லயத்துல வளர்ந்தவங்களுக்கு விளக்கமே வேணாம், எந்த வீட்ல சண்டை, எந்த வீட்ல விளக்கு அணையலன்னு நமக்குத் தெரியாததா! முதல் இடம், ரெண்டாம் இடம்னு முன்னுரை கொடுக்காதீங்க, ஜனங்க பயந்துடுவாங்க. மலாய் சப்டைட்டில பெருசா வைங்க. பிடிக்கலன்னு யாராவது சொன்னா முழுசாப் பேச விடுங்க. படம் 112 நிமிஷம். எட்டரைக்குப் போட்டா பத்தரைக்குள்ள முடிஞ்சிடும், விடியக்காலை வேலைக்குப் போறவங்களும் கடைசி வரைக்கும் உக்காருவாங்க.