அம்மா ஜெயிலில், பிள்ளை எங்கே வளரணும்?

குழித்துறைக்காரன்:
எங்கள் தெருவில் ஏலச்சீட்டு வழக்கில் ஒரு பெண்ணைப் பிடித்துப் போய் இருபது நாள் ஆகிறது. இரண்டு வயது மகளையும் கூடவே கொண்டுபோய்விட்டாள். அவளிடம் நானும் இரண்டு சீட்டு போட்டு ஏமாந்தவன்தான், அது வேறு கணக்கு. பிள்ளை என்ன செய்தது? அம்மச்சியிடம் விட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

விளவங்கோடு செல்வி:
அம்மச்சிக்கு என்ன வேலை, அண்ணே?

குழித்துறைக்காரன்:
அண்டி ஆபீஸ், முந்திரிக் கம்பெனிதான். விடிந்து போனால் சாயங்காலம்தான் வருவார்.

விளவங்கோடு செல்வி:
அப்போ பகல் முழுக்க யார் பார்ப்பது, அக்கம்பக்கமா? ஆறு வயது வரை பிள்ளை அம்மாவோடு இருக்கலாம் என்று, ஜெயிலில் அம்மாவோடு இருக்கும் பிள்ளைகளைப் பற்றிய உபாத்யாய் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளை கைதி அல்ல. சாப்பாடு, மருந்து, படிப்பு எல்லாம் அதன் உரிமை. உள்ளே பிறந்தால் பிறப்புச் சான்றிதழில் ஜெயில் என்றுகூடப் போடக்கூடாது.

தோவாளை வாத்தியார்:
சான்றிதழில் போடாமல் இருக்கலாம் அம்மா, பிள்ளையிடம் அது தெரியும். அப்படி வந்த ஒரு பெண்ணை ஒன்றாம் வகுப்பில் வைத்திருந்தேன். மணி அடித்ததும் மற்றதெல்லாம் வெளியே ஓடும். இவள் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். யாராவது வந்து தலை எண்ணிவிட்டுப் போகணும். முதல் ஒரு மாதம் நானே போய், அவள் தலையைத் தொட்டு "ஒண்ணு" என்று சொல்லித்தான் எழுப்பினேன்.

விளவங்கோடு செல்வி:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது சார். ஆனால் மறுபக்கத்தை நான் அனுபவித்திருக்கிறேன். எனக்கு மூன்று வயதில் அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். திரும்பி வந்தபோது அம்மச்சியின் முண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மச்சியை 'நீ' என்பேன். அம்மாவை இன்றுவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட வருகிறது.

தோவாளை வாத்தியார்:
சரி, அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. கிளைச்சிறைகள் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளத் தோதானவை அல்ல, வசதி செய்தால் மட்டுமே வைக்கலாம் என்கிறது. பிடித்ததும் முதலில் போடுவது அங்கேதானே? பெண்கள் தனிச்சிறை என்றால் மதுரை, திருச்சி. செல்வி, பால்குடி மறக்காத பிள்ளை என்றால் உங்கள் கட்சிதான் நான். நாலு வயதுப் பிள்ளைக்கு மாட்டேன்.

குழித்துறைக்காரன்:
ஜாமீன் கிடைத்தால் இந்தப் பேச்சே வேண்டாமே?

விளவங்கோடு செல்வி:
அதைத்தான் முதலில் கேட்டிருக்கணும். பெரிய குற்றமென்றாலும் பெண் என்பதற்காக ஜாமீன் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், 480-ஆம் பிரிவு. வக்கீல் மனுவில் பிள்ளையின் வயதை எழுதினாரா?

குழித்துறைக்காரன்:
தெரியவில்லை. அம்மச்சிக்கு வக்கீல் பேரே ஞாபகமில்லை. வியாழக்கிழமை அம்மச்சியைக் கூட்டிக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போகிறேன். தடுப்பூசி அட்டை வீட்டில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளவா?

தோவாளை வாத்தியார்:
எடுங்கள். அசலைக் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் போதும்.