ஆன்டாலஜியோடு விதிகளைச் சேர்த்தால் ‘அறிக்கை வரவில்லை’ எச்சரிக்கை வேலை செய்யவில்லை

பாலாற்றங்கரை:
வணக்கம். ராணிப்பேட்டை டேனரிகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) கழிவுநீரைக் கண்காணிக்க ஒரு சிஸ்டம் கட்டுகிறோம். ஊறவைப்பு, சுண்ணாம்பு, குரோம் பதனிடல் எல்லாம் ஓ.டபிள்யூ.எல். (OWL) மொழியில் எழுதிய ஆன்டாலஜியில், அதாவது கருத்துகளையும் அவற்றின் உறவுகளையும் கணினிக்குச் சொல்லும் வரையறைத் தொகுப்பில்; விதிகள் எஸ்.டபிள்யூ.ஆர்.எல். (SWRL) என்ற விதிமொழியில்; இவற்றிலிருந்து முடிவுகளைத் தருவிக்கும் ரீசனர் பெல்லட். மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மி.கி.யைத் தாண்டினால் எச்சரிக்கை ஒழுங்காக வருகிறது. ‘இந்த லாட்டுக்கு ஆய்வறிக்கை இல்லை’ என்பது மட்டும் வரவே இல்லை (லாட் என்றால் ஒரு தொகுதித் தோல்). ஒரு பதனிடும் டிரம்முக்கு இரண்டு லாட் எண் பதிவானாலும் பிழை காட்டுவதில்லை. எதை மாற்றுவது?

வேலூர்க்கோட்டை:
ரீசனர் சரியாகத்தான் ஓடுகிறது. தரவில் அறிக்கை இல்லையென்றால் ஓ.டபிள்யூ.எல். அதை ‘இன்னும் தெரியாது’ என்றே எடுத்துக்கொள்ளும். எஸ்.டபிள்யூ.ஆர்.எல்.லிலும் ‘காணோம் என்றால் இல்லை’ என்று எழுத வழியில்லை.

லாட் விஷயம் இதைவிட ஆபத்தானது. டிரம்–லாட் உறவை ஃபங்ஷனல் (ஒரு டிரம்முக்கு ஒரே லாட்தான்) என்று அறிவித்திருப்பீர்கள். இரண்டு பெயர் ஒரே பொருளுக்கு இருக்கலாம் என்பதால், லாட் 41ம் 42ம் ஒன்றே என்று முடிவு கட்டிவிடும். 41இன் குரோமிய அளவு 42க்கும் ஒட்டிக்கொள்ளும். லாட்டுகள் எல்லாம் வெவ்வேறு என்று அறிவித்தால் முரண்பாடு வெளியே வரும். ஆனால் ஒரே ஒரு முரண்பாடு இருந்தாலும் அந்த அறிவுத்தளத்திலிருந்து எதையும் நிரூபிக்கலாம் என்றாகிவிடும். அதனால் ஷேக்கிள் (SHACL, தரவு விதிப்படி இருக்கிறதா என்று சரிபார்க்கும் மொழி) வைத்து, ரீசனருக்கு அனுப்புமுன்பே தரவைச் சலித்துவிடுங்கள்.

வகைப்படுத்தலை மட்டும் ஆன்டாலஜியிடம் விடுங்கள். அது தருவித்தவற்றை ஃபேக்ட்களாக (தனித்தனி உண்மைக் கூற்றுகளாக) மாற்றி, ‘காணோம் என்றால் இல்லை’ என்று விதி எழுத முடிகிற கிளிங்கோ (clingo) என்ற மென்பொருளுக்குக் கொடுங்கள். ‘அறிக்கை இல்லை’ விதி அங்கே இருக்கட்டும். விதியில் கெடுவும் வேண்டும்: கெடு 72 மணி என்றால், லாட் பதிவாகி 72 மணி கடந்த பிறகே எச்சரிக்கை. இல்லாவிட்டால் புது லாட் ஒவ்வொன்றும் கத்தும்.

ஆம்பூர்_லாஜிக்:
இரண்டு இடத்தில் கவனம். ‘ஒவ்வொரு குரோம் லாட்டுக்கும் ஏதோவொரு அறிக்கை உண்டு’ என்று ஆன்டாலஜியில் எழுதியிருந்தால், சில கருவிகள் பெயரில்லாத ஓர் அறிக்கையைத் தாங்களே உருவாக்கி ஃபேக்ட்களோடு அனுப்பிவிடும். எச்சரிக்கை சத்தமில்லாமல் போய்விடும். பெயருள்ளவற்றை மட்டும் அனுப்புங்கள்.

இன்னொன்று, கிளிங்கோவின் எச்சரிக்கைகளை ஆன்டாலஜிக்குள் நிரந்தரமாக எழுதாதீர்கள். நாளை அறிக்கை வந்தாலும் பழைய எச்சரிக்கை அப்படியே கிடக்கும். தனி கிராஃபில் (தனித் தரவுத் தொகுப்பில்) வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அழித்துவிட்டுப் புதிதாகக் கணக்கிடுங்கள்.

பாலாற்றங்கரை:
மிக்க நன்றி. சென்சார் நம்பகத்தன்மையை எங்கே சேர்ப்பது? ஒரே சென்சாரிலிருந்து இரண்டு விதி, தலா 0.7 நிகழ்தகவு.

ஆம்பூர்_லாஜிக்:
கிளிங்கோவுக்கு முன், தனி அடுக்கில். அந்த இரண்டையும் தனித்தனிச் சான்றாக எண்ணினால் 0.91 ஆகிவிடும், 1 – 0.3 × 0.3. சென்சார் ஒன்றே என்பதால் அது பொய்யான உறுதி. சென்சார் சரியா இல்லையா என்பதை ஒரே மாறியாக வைத்து, இரண்டு விதியையும் அதன்மேல் கட்டுங்கள்.