ஸ்பிரிங் வெட்டி இறக்கிய கார்: உங்களுக்கு என்ன நடந்தது?

சேலம் லான்சர்:
ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நடந்தது. மூன்று வருஷம் ஆகிவிட்டது, அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

வண்டி 2002 மிட்சுபிஷி லான்சர், நம் திருவள்ளூரில் தயாரானது. உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங்கில் முன்னால் ரெண்டு சுற்று, பின்னால் ஒன்றரைச் சுற்று வெட்டியிருந்தேன். வெட்டிக் கொடுத்தவர் "ஒண்ணும் ஆகாது, எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க" என்றார். ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பள்ளத்தில் கொஞ்சம் குதிக்கும், அவ்வளவுதான். நிறுத்திவைத்துப் பார்த்தால் அப்படி ஒரு அழகு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது.

அன்றைக்கு மனைவி, மகள், மாமனார், மாமியார் எல்லோரும் வண்டியில். 20 கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டோம். ஒரு வளைவின் உள்பக்கம் தார் பெயர்ந்து பள்ளமாக இருந்தது. முன் சக்கரம் அதில் இறங்கியதும் 'டங்' என்று இரும்போடு இரும்பு மோதியது. ஸ்டீயரிங் தானாக வெட்டியது. பின்னாலிருந்து மகள், "அப்பா, கார் உடைஞ்சிடுச்சா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். என்ன உடைந்தது என்று எனக்கே தெரியாது. தெரியாமலே இல்லை என்று சொன்னேன்.

அடிவாரத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்பிரிங் கையால் ஆட்டினால் ஆடுகிறது. மேலேயும் கீழேயும் எதிலும் சரியாக உட்காரவில்லை. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கோவை 35:
அண்ணா, அது இறக்கியதால் வந்த வினை இல்லை, வெட்டியதால் வந்தது. தயவுசெய்து ரெண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

என் மாருதி எஸ்டீமை 35 மில்லிமீட்டர்தான் இறக்கினேன். அதற்கென்றே செய்த ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர். ரெண்டு வருஷம் காசு சேர்த்தேன். செட்டிப்பாளையம் கரி ஸ்பீடுவே பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் ஒரு டிராக் டே போனபோது முன்னால் இதே மாடல், கம்பெனி உயரத்தில். வளைவில் அது படகு மாதிரி சாய்ந்து, உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டே எழுந்துவிட்டது. பின்னாலேயே வந்த என் வண்டி அதே வளைவில் தட்டையாகத் திரும்பியது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவும் செய்தேன்.

பிரச்சினை நம் ஸ்பீடு பிரேக்கரில் இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது ஒரு முழம் அகலத்தில் செங்குத்தாக நிற்கிறது. பெயின்ட்டும் இல்லை, போர்டும் இல்லை. அதில் ஏறாத காரைக் குற்றம் சொல்கிறோம்.

இருகூர் ஸ்கூட்டர்:
தம்பி, அந்த ஸ்பீடு பிரேக்கர் அங்கே எதற்குப் போட்டார்கள் என்பதையும் சேர்த்து யோசிங்க. எங்கள் பக்கம் பள்ளிக்கூட வாசலில் இருக்கிறது.

எனக்கு முன்னால் ஒரு கார், தரையோடு தரையாக. ஸ்பீடு பிரேக்கர் வந்ததும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. நான் இடப்பக்கம் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அதே நேரம் அவன் கோணலாக ஏற்றுவதற்கு இடது பக்கம் ஒடித்தான். இன்டிகேட்டர் இல்லை. நான் கீழே. தாடையில் ஆறு தையல்.

தையல் ஆறிவிட்டது. மறக்க முடியாதது வேறு. கீழே கிடந்தபடி பார்க்கிறேன், அந்தப் பையன் கதவைத் திறந்து இறங்கி, குனிந்து, முதலில் பம்பருக்கு அடியில் பார்த்தான். அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினான். நல்ல பையன்தான், ஆஸ்பத்திரிக்கு அவனேதான் கூட்டிப்போனான், என் அம்மாவுக்கும் போன் செய்தான். ஆனால் முதலில் பம்பரைப் பார்த்தான்.

வாளையார் வழி:
கோவை 35-க்கு ஒரு வார்த்தை. நல்ல ஸ்பிரிங், வெட்டின ஸ்பிரிங் என்று நாம் பிரித்துப் பேசலாம், ரோட்டில் நிறுத்துபவர்கள் அப்படிப் பிரிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, ரெண்டும்கூட விதிக்கலாம்.

என்னைக் கேரள எல்லை தாண்டியதும் நிறுத்தினார்கள். அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. என் சீட்டில் கிடந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வாங்கிப் படுக்கவைத்து, முன் பம்பருக்கு அடியில் தள்ளினார். போகவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பட்டறைக்காரர்:
கார் பட்டறை வைத்து 22 வருஷம். போன மாதம் ஒரு வண்டி வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நாலு டயரும் புதுசு மாதிரி. உள்பக்கம் கையை விட்டுத் தடவினேன், கம்பி குத்தி விரலில் ரத்தம். உள் ஓரத்தில் ரப்பரே இல்லை. அந்த டயரோடு சென்னையிலிருந்து திருச்சி வரை ஓட்டி வந்திருக்கிறார்கள்.

இனி யாராவது காரை இறக்குவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டு இறக்குங்கள். இறக்கினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறும். டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான். அதனால் இறக்கின அன்றே அலைன்மென்ட், 1,000 கிலோமீட்டரில் மறுபடியும். கேம்பரை, அதாவது அந்தத் தலைச் சாய்வைச் சரிசெய்ய நிறைய கார்களில் வசதியே கிடையாது, அதற்குத் தனி போல்ட் போட வேண்டும். அடுத்தது பம்ப் ஸ்டாப், ஷாக் கடைசிவரை அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர். இடம் பத்தவில்லை என்று அந்த ரப்பரைப் பாதியாக வெட்டுகிறார்கள், சிலர் கழற்றியே எறிகிறார்கள். வளைவின் நடுவில் ஷாக் அடியில் போய் இடித்தால் அந்த நொடியில் டயர் பிடிப்பை விட்டுவிடும். கேஸ் வைத்து ஸ்பிரிங்கை அறுக்கவே கூடாது, சூட்டில் இரும்பின் உரம் போய்விடும்.

இன்னொன்று, கோவை தம்பி கவனிக்கணும். லோயர் ஆர்ம், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கம்பி, சக்கரத்தை நோக்கிக் கீழே சரிந்து இருக்க வேண்டும். அளவுக்கு மீறி இறக்கினால் அது மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது ரோல் சென்டர், அதாவது வளைவில் பாடி சாயும் மையப்புள்ளி, பாடியைவிட வேகமாகக் கீழே போகும், இறக்கிய கார் இன்னும் அதிகமாகச் சாயப் பார்க்கும். 35 மில்லிமீட்டரில் தப்பிக்கலாம். 80, 90 என்று போகிறவர்கள் ஓட்டம் நன்றாகிவிட்டது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஹெட்லைட் திசையையும் பாருங்கள். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் அடிபட்டு ஆயில் லைட் எரிந்தால் அடுத்த பங்க் வரை போகலாம் என்று நினைக்காதீர்கள், அங்கேயே ஆஃப் செய்யுங்கள். இன்ஜின் போனால் காரின் விலையே செலவாகும்.

சான் ஹோசே முருகன்:
எல்லோரும் இதை ஏதோ விடலைப் பையன்களின் திமிர் மாதிரியே பேசுகிறீர்கள், மனசு கேட்கவில்லை. நான் இருக்கும் ஊரில் மெக்ஸிகன் அமெரிக்கக் குடும்பங்கள் மூணு தலைமுறையாகக் காரை இறக்கி ஓட்டுகிறார்கள். 1958-ல் கலிபோர்னியாவில் சக்கர விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. மறு வருஷமே ரான் அகீரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் வண்டியைத் தூக்கும் அமைப்பு, பொருத்தினார். சுவிட்சைப் போட்டால் ஏறும், இறங்கும். அப்புறம் இந்த வண்டிகள் ஊர்வலம் போகவே பல நகரங்களில் தடை. சான் ஹோசேயில் அந்தத் தடையை 2022-ல் நீக்கினார்கள், மாநிலம் முழுக்க 2024-ல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை பார்க்கிங்கில் 1964 செவர்லே இம்பாலா ஒன்று தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. எழுபது வயசிருக்கும் ஒரு பெரியவர் மெதுவாக வந்து உட்கார்ந்தார். 'ஸ்ஸ்' என்று வண்டி பெருமூச்சு விட்டு எழுந்தது. பேரனை ஏற்றிக்கொண்டு, ஸ்பீடு பிரேக்கரை எல்லோரையும் போல நேராகத் தாண்டிப் போனார். நிற்கும்போது அழகு, ஓடும்போது உயரம். இருகூர் அக்கா சொன்ன விபத்து அந்த வண்டியால் நடந்திருக்காது.

வாளையார் வழி:
அந்த ஹைட்ராலிக்கும் இங்கே 5,000 ரூபாய் அபராதத்தில்தான் வரும் சார்.

சேலம் லான்சர்:
பட்டறைக்காரர் அண்ணா, கம்பெனி உயரத்து ஸ்பிரிங்கே திரும்பப் போட்டுவிட்டேன். ஆனாலும் இடது பக்கம் ஸ்டீயரிங் ஒடிக்கும்போது 'டொக்' என்று ஒரு சின்ன சத்தம். எப்போதும் இல்லை, வண்டியில் ஆள் நிறைய இருந்தால் மட்டும். மகள் காதில் அது விழுந்தால் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கவனிக்கிறாள்.

பட்டறைக்காரர்:
ஸ்பிரிங் ஆடின பக்கமும் இடதுதானா? அப்படியென்றால் பானட்டைத் திறந்து, ஒருவரை ஸ்டீயரிங்கை ஒடிக்கச் சொல்லிவிட்டு, ஸ்ட்ரட் மவுன்ட் மேல், அதாவது ஷாக்கின் மேல்முனை பாடியில் பொருந்தும் இடத்தில், உள்ளங்கையை வையுங்கள். பேரிங் போயிருந்தால் கையில் தட்டும். லோயர் ஆர்ம் சக்கரத்தோடு சேரும் லோயர் பால் ஜாயின்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஏற்காடு வேண்டாம்.