அம்பாசடருக்குப் பெயிண்ட் அடிக்க முன் கண்ணாடியைக் கழற்ற வேண்டுமா?

மார்க்டூ மணி:
"அம்பாசடருக்கு ரீபெயிண்ட் செய்யக் கண்ணாடியைக் கழற்றத் தேவையில்லை. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பருக்கு அடியில் கயிறு விட்டு டேப் ஒட்டினால் போதும்" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பாராட்டு வேறு! ஐயா, பழைய வண்டியில் துரு ஒளிந்திருக்கும் இடமே அந்த ரப்பருக்கு அடியில்தான். தண்ணீர் இறங்கித் தேங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மேலே பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்துங்கள், கொஞ்ச நாளில் ஓரமெல்லாம் கொப்புளம் கிளம்பும். கயிறாம், கயிறு!

கோவை பெயிண்டர்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டுங்கள், பரவாயில்லை. துரு இருந்தால் கழற்றச் சொல்லி நானும் எழுதியிருக்கிறேனே, அந்த வரி மட்டும் உங்கள் கண்ணில் படவில்லையா? தகடு நன்றாக இருந்தால், ரப்பரின் உதட்டைத் தூக்கி மெல்லிய கயிறு விட்டால் போதும். பெயிண்ட் அடிவரை போகும். காய்ந்ததும் கயிற்றை உருவினால் உதடு படிந்துவிடும், டேப் கோடு தெரியாது.

மார்க்டூ மணி:
கழற்றாமலே தகடு நன்றாக இருப்பது எப்படித் தெரிந்தது? எக்ஸ்ரே எடுத்தீர்களா? கயிறு பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். கண்ணாடியை மாட்டும்போது வேண்டியது கயிறு. ரப்பரைக் கண்ணாடியில் சுற்றி, ரப்பரின் காடியில் (பள்ளத்தில்) கயிறு விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் அழுத்த உள்ளேயிருந்து ஒருவர் இழுக்க வேண்டும். உதடு தகட்டின் மேல் ஏறி உட்காரும். கயிறு அதற்குத்தான்.

பத்மினி பிரியன்:
இரண்டு பேரும் வேறு வேறு கயிற்றைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறதே?

மார்க்டூ மணி:
ஃபியட்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்கலாம்.

பத்மினி பிரியன்:
ஓஹோ! இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வாங்கி, அம்பாசடர் என்று பெயர் வைத்து 2014 வரை அதையே விற்றவர்கள் பக்கம் நின்றுகொண்டு இந்தப் பேச்சா?

மார்க்டூ மணி:
உங்கள் பத்மினி கார் மட்டும் மும்பை குர்லா தொழிற்சாலையில் மண்ணிலிருந்து முளைத்ததோ? அதுவும் இத்தாலி ஃபியட் 1100தானே.

கோவை பெயிண்டர்:
விஷயத்துக்கு வாருங்கள் மணி சார். லேமினேட்டட் கண்ணாடியை மூலையில் நெம்பினால் கீறல் ஓடும். அதற்குக் காசு யார் தருவது, நீங்களா? பழைய ரப்பர் இறுகிப் போயிருக்கும், திரும்ப உட்காராது. கடையில் கிடைக்கும் புது ரப்பரோ மூலையில் இடைவெளி விடும், மழையில் ஓட்டுகிறவர் காலில் சொட்டும். கயிறு விட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

மார்க்டூ மணி:
நெம்பச் சொன்னது யார்? பிளேடால் வெளி உதட்டை அறுங்கள், கண்ணாடி தானாக வரும். இன்னொன்று கேளுங்கள். காலம் காலமாகப் பாலிஷ் தேய்த்த ரப்பர் அது. அந்த சிலிக்கான் ஓரத்தில் துளி இருந்தாலும் பெயிண்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும். கயிறு விட்டுத் தூக்கினால் அடியில் இருப்பதைத் துடைக்க முடியுமா? க்ரோம் பட்டையையும் டேப் ஒட்டித்தான் சமாளிக்கிறீர்களா? கிளிப்பைக் கழற்றினால் பட்டைக்குப் பின்னால் பழைய நிறம் எட்டிப் பார்க்கும், அதைக் காட்டட்டுமா?

டிங்கர் மகன்:
இந்தப் பி.யு.வே வேண்டாம். பழைய வண்டிக்கு அந்தக் காலத்து லாக்கர் பெயிண்டான டூக்கோதான் அழகு. எங்கள் அப்பா...

மார்க்டூ மணி:
வந்துவிட்டார்! பம்பர் க்ரோம் விவாதத்தில் பாதியில் காணாமல் போனவர்தானே நீங்கள்? அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு டூக்கோவுக்கு வாருங்கள்.

டிங்கர் மகன்:
அங்கே நீங்கள் யாரையும் பேசவே விடவில்லை. இங்கேயும் அதே கதைதான்.

கோவை பெயிண்டர்:
கயிறு விட்டு அடித்த வண்டி இன்றும் என் ஷெட் வாசலில் நிற்கிறது. ஒரு கொப்புளம் இல்லை.

மார்க்டூ மணி:
ரப்பரைத் தூக்கிப் படம் எடுத்துப் போடுங்கள் பார்க்கலாம்.

பத்மினி பிரியன்:
சரி, அம்பாசடர் முன் ரப்பர் சென்னையில் எங்கே கிடைக்கும்? மாமா வண்டிக்கு வேண்டும்.

மார்க்டூ மணி:
புதுப்பேட்டையில் தேடுங்கள். ஃபியட்காரர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.