சிஓபிடி நோயுடன் கொடைக்கானலில் தங்கிய அனுபவம்

எனக்குச் சிஓபிடி என்னும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது. புகைப்பழக்கம் என் பக்கம் வந்ததே இல்லை. காரைக்குடிக்கு அருகே எங்கள் வளவு வீட்டில், கல்யாணம், படைப்பு என்று விறகடுப்பின் முன் நின்ற காலத்துப் புகைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று மதுரையில் என்னைப் பார்க்கும் நுரையீரல் மருத்துவர் சொல்கிறார். சமதரையில் இன்ஹேலரின் துணையோடு என் வேலைகளை நானே செய்துகொள்கிறேன். கோடையில் பிள்ளைகள் கொடைக்கானலுக்கு அழைத்தபோதுதான் உயரம் என்பது தனிக் கணக்கு என்று தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் மலை என்றதும் பழனிதான் நினைவுக்கு வரும். அங்கே இளைப்பு வருவது படிகளால். விஞ்சில் ஏறிவிட்டால் தீர்ந்தது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 விழுக்காடுதான் என்றாலும், காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே கூடுதலாக மட்டுமே இருப்பதால், நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பது குறைவு. கேதார்நாத்தின் உயரம் ஏறக்குறைய 3,580 மீட்டர்; பத்ரிநாத் 3,100 மீட்டருக்கு மேல். பத்ரிக்குக் கார் போகிறது, கேதாருக்கு ஹெலிகாப்டர் இருக்கிறது என்று யாத்திரைக்குக் கிளம்பும் உறவினர்கள் எனக்கும் ஆசை காட்டுவதுண்டு. ஹெலிகாப்டரால் கால்களுக்குத்தான் ஓய்வு. உடல் பழகுவதற்கு நேரமே தராமல் சில நிமிடங்களில் அவ்வளவு உயரத்தில் இறக்கிவிடுவதால் நுரையீரலுக்கு அது கூடுதல் சோதனை. அந்த இரண்டு தலங்களும் எனக்கு வேண்டாம் என்று மருத்துவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

கொடைக்கானலுக்கு அனுமதி தருவதற்கு முன் அவர் குழாயில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி எடுத்தார், இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி ஆறு நிமிடம் நடக்கவைத்தார், நுரையீரலில் காற்றுக் கொப்புளங்கள் உண்டா என்று படமும் எடுத்துப் பார்த்தார்; உயரத்தில் அழுத்தம் குறையும்போது அத்தகைய கொப்புளங்கள் விரிந்து வெடிக்கும் ஆபத்து உண்டாம். ஊரில் எனக்கு ஆக்சிமீட்டரில் 94 இருக்கும். மேலே 88 முதல் 92 வரை காட்டினால் பதற வேண்டாம் என்றும், ஓய்வெடுத்த பிறகும் 88-க்குக் கீழேயே நின்றால் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு கீழே இறங்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். ஆக்சிஜனையும் தாராளமாகத் திறந்துவிடக் கூடாது. எங்களைப் போன்ற சிலருக்கு அதனாலேயே இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டிக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்; அதன் கையேட்டில் எந்த உயரம் வரை அது சரியாக இயங்கும் என்று போட்டிருந்ததையும், தங்குமிடத்தில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்பதையும் என் மகன் விசாரித்துக்கொண்டான். சுற்றுலா இடங்களில் விற்கும் சிறிய ஆக்சிஜன் டப்பாக்களை நம்ப வேண்டாம். அவை சில நிமிடங்களுக்குத்தான் வரும்.

வத்தலக்குண்டிலிருந்து வளைவுகளில் மெதுவாகவே ஏறினோம். அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஆக்சிமீட்டர் 79 காட்ட, எல்லோருக்கும் முகம் வெளிறிவிட்டது. என் விரல்கள் பனிக்கட்டிபோல இருந்தன. மருமகள் என் கையைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடேற்றி மறுபடி மாட்டியபோது 89 வந்தது. குளிரில் விறைத்த விரலில் இந்தக் கருவி சரியாகப் படிக்காது என்பதை மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்து போகையில் மட்டும் 84 வரை இறங்கும். நின்று, உதட்டைக் குவித்து மூச்சு விட்டால் மீண்டும் ஏறிவிடும்.

உண்மையான சோதனை இரவில்தான். தூக்கத்தில் மூச்சு மெலிவதால் அளவு இன்னும் இறங்கும். காலையில் தலைவலியோடு எழுந்தால் அதற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதனால் குறைந்த அளவு ஆக்சிஜனோடு படுத்தேன். தூக்க மாத்திரை அறவே கூடாது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று விடுதிக் காவலாளி அன்போடு கணப்பில் விறகை மூட்டிவிட்டுப் போனார். எந்தப் புகையால் இந்த நோய் வந்ததோ அதையே படுக்கையறைக்குள் வரவழைப்பதா என்று சிரித்துக்கொண்டே அணைக்கச் சொன்னேன். வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் சால்வையால் மூடிக்கொண்டால் குளிர்ந்த வறண்ட காற்றினால் வரும் வீசிங் வெகுவாகக் குறைகிறது.

விமானப் பயணத்துக்கும் இதே கணக்குதான். பறக்கும்போது விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி, அதாவது ஏறக்குறைய 2,440 மீட்டர் உயரத்துக்குச் சமமாகக் குறையக்கூடும். கொடைக்கானலைவிடச் சற்றே அதிகம். சொந்த ஆக்சிஜன் சிலிண்டரைப் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். கையடக்கச் செறிவூட்டிக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதற்காக மருத்துவரின் கையொப்பத்துடன் படிவத்தை அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் அந்த விவரங்களையும் இங்கே எழுதுகிறேன்.